காதுக்குத் தெரியாமல் வரும் வண்டி

(சாமல்பட்டியில் ஊர்மக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்சார வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது லாபமா நட்டமா, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் இன்றைய பேச்சில் வராது. அவை வண்டிமேல் உட்கார்ந்திருப்பவருடைய கேள்விகள். என் கவலை ரோட்டோரமாக நடந்து போகிறவரைப் பற்றியது. பின்னால் ஒரு வண்டி வருகிறது என்பது அவருக்குத் தெரிகிறதா? இந்த ஒரு கேள்வியைத்தான் நாம் இன்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கப் போகிறோம்.

இதைக் கேட்க இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிட உரிமையுள்ள இடம் இந்தியாவில் இல்லை என்று நினைக்கிறேன். இந்தியாவில் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும் பங்கு இந்த மண்ணில் செய்யப்படுகிறது. ஓலா ஆலை நமக்குப் பக்கத்தில், போச்சம்பள்ளியில் இருக்கிறது. 2020 டிசம்பரில் தமிழக அரசோடு 2,400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15ஆம் தேதி முதல் ஸ்கூட்டரை அறிமுகம் செய்தார்கள். அடுத்த மாதமே, ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏத்தர் நிறுவனம் பெங்களூரிலிருந்து தன் ஆலையை 2021இல் ஓசூருக்குக் கொண்டுவந்தது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி இருக்கிறது. டிவிஎஸ் ஐக்யூப் 2020 ஜனவரியில் வெளிவந்தது. அதுவும் ஓசூர் வண்டி.

அதே ஓசூரிலிருந்துதான் 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. இங்கே இருக்கும் பெரியவர்களில் அந்த வண்டியின் சத்தம் தெரியாதவர் யார்? இரண்டு தெருவுக்கு அப்பால் வரும்போதே, வருவது பால்காரரா, கடலைச் செடி கட்டிக்கொண்டு வரும் மாமாவா என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். கோழி ஒதுங்கும், ஆடு ஒதுங்கும், தெருவில் விளையாடும் பிள்ளை தானாகத் திண்ணைக்கு ஏறும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சத்தமே எச்சரிக்கையாக இருந்தது. ஒரே ஊர், நாற்பது வருஷ இடைவெளியில், சத்தத்தால் அடையாளம் தெரிந்த வண்டியையும் செய்தது, சத்தமே இல்லாத வண்டியையும் செய்கிறது.

நான் மின் வண்டிக்கு எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை இல்லை, நச்சு இல்லை, ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு கட்டியவரைக் கேளுங்கள், சத்தம் மனிதனை எப்படி அரிக்கும் என்று சொல்வார். அமைதி நல்லது. அந்த அமைதியால் ஒருவருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஓடும் வண்டியின் சத்தம் இரண்டு வகையில் பிறக்கிறது. ஒன்று இன்ஜினும் சைலன்சரும் எழுப்புவது. மற்றது டயர் தரையில் உருளுவதாலும், காற்றைக் கிழித்துக்கொண்டு போவதாலும் வருவது. வண்டி வேகமாகப் போனால் டயரின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அந்த வேகத்தில் பெட்ரோல் கார், மின்சார கார் என்ற வித்தியாசம் காதுக்கு அதிகம் தெரியாது. மெதுவாகப் போகும்போது கதை வேறு. மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே டயர் சத்தம் அடங்கிவிடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். மின் வண்டியில் அந்த உறுமலும் கிடையாது. ஸ்கூட்டருக்கு டயரும் சிறிது, ஆகவே உரசும் சத்தமும் காரைவிடக் குறைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். வண்டிகள் எங்கே மெதுவாகப் போகும்? ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குள் போகும்போது. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவரும் பள்ளிக்கூட வாசலில். ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில். தேர்த் திருவிழாத் தெருவில். வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுக்கும்போது. மனிதர்கள் நடக்கிற, நிற்கிற, உட்கார்கிற இடங்கள் எல்லாம் இவைதான். வேகமாகப் போகும் நெடுஞ்சாலையில் ஆபத்து என்று நமக்குத் தெரியும், அங்கே பார்த்து நடப்போம். மெதுவாகப் போகும் இடத்தில் ஆபத்தில்லை என்று நம்பி முதுகைக் காட்டி நிற்கிறோம். மின் வண்டியின் அமைதி சரியாக அந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறது.

கண் முன்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். காது சுற்றிலும் பார்க்கும். ஒரு சத்தம் வலது காதுக்கும் இடது காதுக்கும் வந்து சேரும் நேரத்தில் இம்மியளவு வித்தியாசம் இருக்கிறது. அதை வைத்தே, திரும்பாமலேயே, வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். ஐந்து மீட்டர் தூரத்துக்கு வந்த பிறகுதான் வண்டி காதில் விழுகிறது என்றால், ஒதுங்க ஒரு விநாடிகூட இல்லை. அறுபது வயதுக்காரர் திரும்பிப் பார்ப்பதற்கே அந்த ஒரு விநாடி போதாது.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வயது ஏற ஏற முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். மின் மோட்டார் எழுப்பும் சன்னமான ஒலி பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது. பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. ஒரே தெருவில் ஒரே வண்டி ஒருவருக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை.

பார்வையற்றவர்களைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு ரோடு என்பது முழுக்க முழுக்கச் சத்தத்தால் ஆனது. ஒரு சிக்னலில் நின்றுகொண்டு, எந்தப் பக்க வண்டிகள் நிற்கின்றன, எந்தப் பக்கம் புறப்படுகின்றன என்று இன்ஜின் உறுமலை வைத்தே புரிந்துகொள்கிறார்கள். தங்களுக்கு இணையாகப் போகும் வண்டிகளின் சத்தத்தை ஒரு கோடாக வைத்துக்கொண்டு நேராக நடக்கிறார்கள். வெள்ளைக்கோல் தரையில் உள்ள பள்ளத்தைக் காட்டும்; வரப்போகும் வண்டியைக் காட்டாது. அதைக் காட்டுவது காது ஒன்றுதான். நிற்கிற பெட்ரோல் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், அது எந்த நொடியும் கிளம்பலாம் என்று அவருக்குத் தெரியும். நிற்கிற மின் வண்டி அவருக்கு ஒரு சுவர், ஒரு மரம். அது திடீரென்று நகர்ந்தால் அவர் என்ன செய்வார்?

உலகத்தில் இந்தப் பிரச்சினையை முதலில் உரக்கச் சொன்னவர்களும் பார்வையற்றவர்கள்தான். 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் கார் அது. மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணைந்து பேட்டரியில் ஓடும். அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு, இந்தக் கார்கள் தங்களுக்குக் கேட்கவில்லை என்று வருஷக்கணக்காக அரசிடம் முறையிட்டது. 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. வேகம் குறைப்பது, நிறுத்துவது, பின்னால் எடுப்பது, பார்க்கிங்கிலிருந்து கிளம்புவது போன்ற மெதுவான ஓட்டங்களில், நடந்து போகிறவரை இடிக்கும் வாய்ப்பு ஹைப்ரிட் கார்களுக்குச் சாதாரண கார்களைப்போல இரண்டு மடங்கு என்று அதில் கண்டார்கள். ஹைப்ரிட் கார்கள் நம் ஊரிலும் இப்போது வாடகைக்கு ஓடுகின்றன. பார்த்தால் பெட்ரோல் கார் மாதிரியே இருக்கும். பெட்ரோல் பங்கில் நிற்கும். தெருவுக்குள் திரும்பும்போது சத்தமில்லாமல் ஆகிவிடும். ஒருவிதத்தில் முழு மின் காரைவிட ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் பச்சை நம்பர் பிளேட்கூட இதற்குக் கிடையாது.

பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துக் கணக்கை லண்டன் சுகாதாரக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் அலசி 2024இல் வெளியிட்டார்கள். பத்துக் கோடி மைல் ஓட்டத்துக்கு, பெட்ரோல் டீசல் கார்களால் அடிபட்ட பாதசாரிகள் 2.40 என்றால், மின்சார, ஹைப்ரிட் கார்களால் 5.16. நகரப் பகுதிகளில் வித்தியாசம் இன்னும் கூடுதல். பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகம் 2019 முதல் 2023 வரையிலான கணக்கைப் பார்த்தது. அந்தக் காலத்தில் முழு மின் கார்களுக்கும் பெட்ரோல் கார்களுக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஹைப்ரிட் மட்டும் கூடுதலாக நின்றது. அவற்றில் பல வாடகைக்கு நகரத்துக்குள் ஓயாமல் ஓடுபவை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். பயப்பட வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இடையில் ஏதோ மாறியது. புதிய கார்களில் வந்த பிரேக் உதவிக் கருவிகளும் காரணமாக இருக்கலாம், ஓட்டுபவர்கள் பழகியதும் இருக்கலாம். அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு சட்டமும் வந்தது.

அந்தச் சட்டம் என்ன என்று பார்ப்போம். ஜப்பான் 2010இலேயே வழிகாட்டு நெறிகளைக் கொடுத்தது. அமெரிக்காவில் 2011 ஜனவரியில் பாதசாரிகள் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 138ஆம் விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய மின், ஹைப்ரிட் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ஏவிஏஎஸ் என்பார்கள். வண்டி மெதுவாகப் போகும்போதும் பின்னால் போகும்போதும் ஒரு சின்ன ஒலிபெருக்கி வெளியே ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தின் அளவை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தால், 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கிலோமீட்டரில் 56, ரிவர்ஸில் 47. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவைவிட இது சற்றே குறைவு. அதிகபட்ச வரம்பும் உண்டு: 75 டெசிபல். 20 கிலோமீட்டரைத் தாண்டினால் சத்தம் நின்றுவிடலாம், டயர் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 30 கிலோமீட்டர் வரை வேண்டும், கியரில் போட்டு நிற்கும்போதும் வேண்டும். வெறும் கீச்சொலி மட்டும் போதாது, தாழ்ந்த சுருதியிலும் ஒலி இருக்க வேண்டும். தாத்தாவின் காதை நினைத்து எழுதிய விதி அது. வேகம் கூடினால் சுருதியும் ஏற வேண்டும். அப்போதுதான், வண்டி நெருங்குகிறதா, வேகமெடுக்கிறதா, நிற்கப் போகிறதா என்பது பார்க்காமலே தெரியும். முதலில், ஓட்டுபவர் வேண்டுமானால் இந்தச் சத்தத்தை அணைத்துவைக்க ஒரு பொத்தான் வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். பிறகு அந்தப் பொத்தானையே தடைசெய்தார்கள். என்னைக் கேட்டால், இந்த விதியின் உயிர் அந்தத் தடையில்தான் இருக்கிறது. எச்சரிக்கை யாருக்காக இருக்கிறதோ, அவர் வண்டிக்கு வெளியே இருக்கிறார். அதை அணைக்கும் அதிகாரம் உள்ளே இருப்பவருக்கு இருக்கக் கூடாது.

இந்தச் சத்தம் அசிங்கமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மஹிந்திரா நிறுவனம் தன் மின் கார்களின் ஒலிகளுக்காக ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இசையமைப்பாளர் ஒருவர் தெருவின் சத்தத்தைப் பற்றி யோசிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

நம் நாட்டில் என்ன நிலை? 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. 2026 அக்டோபர் 1 முதல் வரும் புதிய மின் வாகன மாடல்களுக்கும், 2027 அக்டோபர் 1 முதல் ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கும் இந்த ஒலிக் கருவி கட்டாயம் என்று அந்த வரைவு சொல்கிறது. நல்ல செய்தி. மனமார வரவேற்கிறேன்.

ஆனால் அந்த வரைவு எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறது? எம் வகை, என் வகை. அதாவது ஆட்களை ஏற்றும் கார், பஸ். சரக்கு ஏற்றும் வேன், லாரி. ஐ.நா. விதியும் இவற்றுக்குத்தான். ஐரோப்பாவில் அது சரி, அங்கே தெருவை நிறைப்பது கார். இங்கே? 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின் கார்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. அதே ஆண்டில் விற்ற மின் இருசக்கர வாகனங்கள் 11 லட்சத்துக்கு மேல். ஒரு காருக்குப் பத்து ஸ்கூட்டர். சாமல்பட்டித் தெருவில் நின்று எண்ணினால் பத்து என்பதுகூடக் குறைவாகத் தெரியும். நம் ஊரில் சத்தமில்லாமல் வருவது எதுவோ அதை விட்டுவிட்டு, எப்போதாவது வருவதற்குச் சட்டம் போடுகிறோம். வெளிநாட்டுக்காரரின் தெருவுக்கு எழுதிய விதியை நம் தெருவுக்கு அப்படியே எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்கும் கீழே ஒரு வகை இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராது. பதிவு வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை டியூஷனுக்கு ஓட்டிக்கொண்டு போகிறதே, அந்த வண்டி. மெதுவாகப் போகிறது, ஆபத்தில்லை என்று நினைத்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் முன்பே சொன்னேன், காதுக்கு மிக மோசமான வேகம் அந்த 25 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்த வண்டிக்குத்தான் முதலில் சத்தம் வேண்டும்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஐந்தில் ஒருவர். அந்தச் சாவுகளுக்கு மின் வண்டியைக் காரணம் சொல்ல நான் வரவில்லை. வேகம், குடி, நடைபாதை இல்லாத ரோடு என்று பெரிய காரணங்கள் வேறு இருக்கின்றன. ஏற்கெனவே இவ்வளவு பேரைப் பறிகொடுக்கும் ரோட்டில், நடப்பவருக்கு இருந்த ஒரே இலவசப் பாதுகாப்பான சத்தத்தையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். நடந்து போகிறவர் அடிபட்ட வழக்குகளில் இடித்த வண்டி பெட்ரோலா, மின்சாரமா, ஹைப்ரிடா என்று தனியாகக் கணக்கெடுத்து அரசு வருஷந்தோறும் வெளியிட வேண்டும்.

“பார்த்து நடக்க வேண்டியதுதானே, செல்போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் யார் பொறுப்பு?” என்று சிலர் கேட்கிறார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கக் கூடாது, உண்மை. ஆனால் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போனான். கன்றுக்குட்டி ஒன்று யாருக்கும் தெரியாமல் துள்ளி உள்ளே வந்து சக்கரத்தில் மாட்டி இறந்தது. அமைச்சர்கள் பரிகாரம் செய்தால் போதும் என்றார்கள். அரசன் ஒப்பவில்லை. கன்று பார்த்து வந்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. தேரை ஓட்டியவன் மேல்தான் பொறுப்பை வைத்தான். அவன் கொடுத்த தண்டனையை நான் இங்கே கேட்கவில்லை. பொறுப்பு யாருடையது என்று அவன் கண்ட வரிசை சரி: முதலில் வண்டி, பிறகுதான் காலால் நடக்கிறவர்.

இன்னொரு பக்கமிருந்து வரும் மறுப்பு நியாயமானது. “இருக்கிற சத்தம் போதாதா? அமைதியாக வந்த வண்டிக்கும் சத்தம் வைக்க வேண்டுமா?” குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. ஏவிஏஎஸ் ஒலி அந்தப் பகல் அளவை ஒட்டியே நிற்கிறது, அதுவும் வண்டி கடந்து போகும் சில விநாடிகள் மட்டும். அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நடப்பவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அமுக்குவார். அது ஏவிஏஎஸ்ஸைவிடப் பல மடங்கு சத்தம். திடுக்கிட்ட மனிதர் எந்தப் பக்கம் குதிப்பார் என்று யாருக்கும் தெரியாது. பல நேரம் வண்டி வரும் பக்கமே குதிப்பார். மெல்லிய தொடர் ஒலி இருந்தால் ஹாரன் குறையும். அமைதியை விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கருவியால் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கல் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும்போது 56 டெசிபல் ஒலி அதற்குள் மூழ்கிவிடும். 60 டெசிபலோடு 50 டெசிபலைச் சேர்த்தால் கிடைப்பது 110 இல்லை, 60க்குச் சற்று மேல்தான். சின்னச் சத்தம் பெரிய சத்தத்துக்குள் காணாமல் போய்விடுகிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் நெடுஞ்சாலையில் எந்தக் கருவியும் நடப்பவரைக் காப்பாற்றாது. அங்கே வேண்டியது நடைபாதை, வெளிச்சம், வேகத்தடை. காது கேளாதவர்களும் இந்த நாட்டில் 50 லட்சம் பேர் என்று அதே 2011 கணக்கு சொல்கிறது. அவர்களுக்குச் சத்தம் வைத்து என்ன பயன்? 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் முன்விளக்கு எரிகிறதே, அந்த விதி அவர்களுக்கு உதவும், முன்னால் வரும் வண்டியைப் பொறுத்தவரை. பின்னால் வரும் வண்டியிடமிருந்து அவர்களைக் காப்பது ஓட்டுபவரின் நிதானம் மட்டும்தான்.

ஆகவே ஓட்டுகிற தம்பி தங்கைகளிடம் சில வார்த்தைகள். மின் வண்டியின் ஆக்சிலரேட்டரைத் திருகிய நொடியில் முழு இழுவையும் கிடைக்கும். பெட்ரோல் வண்டி உறுமி எழுந்து கிளம்பும் அந்த ஒரு கணம் இதில் இல்லை. மனிதர்கள் முதுகைக் காட்டி நிற்கும் இடத்தில், அவருக்கு உங்களைத் தெரியாது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ஒரு கை நீட்டும் தூரமாவது விட்டுக் கடந்து போங்கள். ஹாரன் அடிப்பதானால் தூரத்திலேயே ஒரு முறை, சின்னதாக. டீக்கடையில் நிறுத்தினால் அணைத்துச் சாவியை எடுங்கள். பல ஸ்கூட்டர்களில் சைடு ஸ்டாண்டு போட்டால் மோட்டார் நின்றுவிடும். அதைப் போடும் பழக்கத்தை விடாதீர்கள். ஆனில் இருக்கும் மின் ஸ்கூட்டரும் ஆஃபில் இருக்கும் மின் ஸ்கூட்டரும் பார்க்க ஒன்றுபோலவே நிற்கும். விளையாட்டாக ஒரு குழந்தை கைப்பிடியைத் திருகினால் போதும். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன், சரிவில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வண்டியும் ஊமை வண்டிதான்.

நடக்கிறவர்கள் நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். வண்டிகள் இடதுபக்கம் போகும் நாட்டில், அப்படி நடந்தால் உங்களுக்கு நெருக்கமாக வரும் வண்டி கண்ணுக்கு எதிரேதான் வரும். குழந்தைகளுக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்: சத்தம் கேட்கவில்லை என்றால் வண்டி வரவில்லை என்று அர்த்தமில்லை.

இந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். திரையும் ஒலிபெருக்கியும் வைத்த ஸ்கூட்டர்கள் உங்கள் கையில்தான் உருவாகின்றன. ஓட்டுபவருக்காகச் செயற்கை ஒலி எழுப்பும் வசதி சில ஸ்கூட்டர்களில் ஏற்கெனவே உண்டு. அதையே நடப்பவருக்காக, 20 கிலோமீட்டருக்குக் கீழே, அணைக்க முடியாதபடி வைப்பது பெரிய வித்தை இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று உங்கள் சூப்பர்வைசரிடம், பொறியாளரிடம், யூனியனில் எடுத்துச் சொல்லுங்கள். வண்டியைச் சோதிக்கும் நாளில் பார்வையற்ற ஒருவரையும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவரையும் ஆலைக்குள் அழைத்து, வண்டி எவ்வளவு தூரத்தில் வரும்போது கேட்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வருகிற கிராமசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மின் வாகன ஒலி விதியை இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கும், பதிவு வேண்டாத மெதுவான வண்டிகளுக்கும் விரிக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். பள்ளிக்கூடமும் சந்தையும் இருக்கும் தெருக்களில் வேகத்தை 20 கிலோமீட்டராகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். மாவட்ட ஆட்சியருக்கும், சென்னைக்கும், தில்லியில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் அனுப்பிவையுங்கள். இந்த வண்டிகளைச் செய்கிற மாவட்டத்திலிருந்து, அவற்றோடு ஒரே தெருவில் நடக்கிற மக்கள் கேட்கும் கோரிக்கையாக அது போய்ச் சேரட்டும். கையெழுத்துப் போட நான் முதல் ஆளாக வருகிறேன்; நீங்களும் வாருங்கள்.